பதினேழு நிமிடத் தடங்கல்

டி.வி. பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேர் பொறாமைப்படுகிறார்கள். போன மாதம் ஏலாக்குறிச்சியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் அக்கா மகள் ரோஸி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கைபேசியில் பார்க்கும் வீடியோக்களை வெட்டி ஒட்டித் தரும் வேலை அவளுக்கு. சாம்பார் ஊற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன் சித்தி, ஒரே சேனல காலையிலேர்ந்து நாள் பூரா பாத்தீங்களாமே? ரிமோட்டக்கூட தொடாம?"

"ரிமோட்டே நாந்தான்டி" என்றேன்.

வாய்ச்சவடால் என்று நினைத்துச் சிரித்தாள். ஆனால் அதுதான் உண்மை. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் அரசுத் தொலைக்காட்சியின் டெல்லி, சென்னை நிகழ்ச்சிகளை வாங்கி வட்டாரத்துக்கு ஒளிபரப்பும் சிறிய ரிலே நிலையம் ஒன்றில் இருபத்தாறு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். எந்த ஊர் நிலையம் என்று எழுத மாட்டேன். ஒரு தப்பைப் பற்றி எழுதப்போகிறேன். தப்பு செய்தவள் நான், அந்தக் கட்டடம் என்ன பாவம் செய்தது? அப்படிப்பட்ட நிலையங்களை எல்லாம் இப்போது மூடிவிட்டார்கள். எனக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

என் பெயர் மேரி. வரதராசன்பேட்டைப் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பெண். டிப்ளமோ முடித்து, வேலை கிடைத்து, சென்னையில் மூன்று மாதம் பயிற்சி. அங்கே கற்றுக்கொடுத்ததில் முக்கால்வாசி எங்கள் நிலையத்தில் இல்லாத இயந்திரங்களைப் பற்றியது. அவ்வளவுதான் பயிற்சி. கல்யாணமான புதிதில் என் மாமியாரிடம் யாராவது "மருமவ என்னா வேல பாக்குது?" என்று கேட்டால், "டிவி பாக்குது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்.

காலையில் போனதும் முதல் வேலை டிரான்ஸ்மிட்டரின் முதுகில் கை வைத்துப் பார்ப்பது. விசிறி ஓடினால் முதுகு குளிர்ந்திருக்கும். பிறகு மீட்டர்கள். ஆன்டெனாவுக்குப் போகிற சக்தி எவ்வளவு, அங்கே முட்டிக்கொண்டு திரும்பி வருகிற சக்தி எவ்வளவு என்று அரை மணிக்கொரு தடவை பதிவேட்டில் எழுத வேண்டும். திரும்பி வருவது கூடினால் கோபுரத்தில் ஏதோ கோளாறு. ஒரு தடவை அது குளவிக்கூடாக இருந்தது. ஏறிப் பார்த்தவர் இறங்கி வந்தபோது அவர் முகம் எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

அதன் பிறகு நாள் முழுக்கப் பார்க்க வேண்டியதுதான். காலையில் நாகஸ்வரம், பக்திப் பாட்டு, யோகாசனம். பிறகு பள்ளிக்கூடப் பாடம். ஓர் ஆசிரியர் கரும்பலகையில் தவளையின் இதயத்தை வரைந்துகொண்டே இருப்பார். தவளைக்கு இதயத்தில் மூன்று அறை என்று இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மதியம் டெல்லியிலிருந்து இந்தியில் சமையல், கைவேலை, புரியாத கருத்தரங்கம். காது கேளாதவர்களுக்கான செய்தியைப் பார்த்துப் பார்த்து "மழை", "விபத்து", "பிரதமர்" மூன்றையும் விரலால் சொல்லப் பழகிவிட்டேன். மாலையில் சென்னையிலிருந்து தமிழ். கரும்பில் குருத்துப் பூச்சி என்றால் திருமானூர்க்காரர்கள் உட்காருவார்கள், மானாவாரிக் கடலை என்றால் செந்துறைக்காரர்கள். கர்நாடக சங்கீதம் தொடங்கினால் எங்கள் வாட்ச்மேன் தூங்கிவிடுவார். சினிமாப் பாட்டு நிகழ்ச்சிக்கு அவரே எழுந்து வந்து ஜன்னலில் நிற்பார். எனக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று எதுவும் கிடையாது. விளம்பரத்தில்கூடப் படம் ஒரு நடுங்கு நடுங்கினால் எழுதியாக வேண்டும். இப்படி எல்லாவற்றையும் பார்த்ததால் எனக்குக் கொஞ்சம் எல்லாம் தெரியும், எதுவும் முழுசாகத் தெரியாது.

இதில் ஒரே ஒரு காரியம்தான் எங்கள் கையில் இருந்தது. அறையில் இரண்டு ரிசீவர்கள், டெல்லிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று. நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச். அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் எங்கள் எல்லைக்குள் இருக்கும் எல்லா வீட்டிலும் தெரியும். கேபிள் டி.வி. டவுனில் மட்டும் எட்டிப்பார்த்த காலம் அது. சுற்றுவட்டார ஊர்களில் மூங்கில் கழியில் ஆன்டெனாவைக் கட்டி எங்களைத்தான் பிடிப்பார்கள். வாராவாரம் தபாலில் அட்டவணை வரும். இத்தனை மணி இத்தனை நிமிடத்துக்கு டெல்லியை விட்டுச் சென்னைக்கு மாற்று என்று அதில் இருக்கும். மாற்றுவோம். டெல்லியில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் பாதி வாக்கியத்தில் அறுந்துபோவார்.

எங்கள் நிலையத்தின் பொறுப்பாளர் ஜமால் சார், லப்பைக்குடிக்காட்டுக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக ஒரு பழக்கம் வைத்திருந்தார். தினம் காலை பத்து மணிக்குச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தைய நாள் பதிவேட்டைச் செய்தி வாசிப்பாளர் குரலில் வாசிப்பார். "வணக்கம். நேற்று மாலை ஆறு பத்துக்குப் படம் இரண்டு நிமிடம் மங்கியது. அந்நேரம் பணியாளர் வடை வாங்கப் போயிருந்ததாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. வானிலை. மேரியம்மா முகத்தில் மேகமூட்டம் காணப்படும்." திட்டு வாங்கியிருந்தால் ஒரு நாளில் மறந்திருப்பேன். அவர் வாசிப்புக்குப் பயந்தே மீட்டர் எண்களை முத்து முத்தாக எழுதினேன்.

ஆனால் ஒரு வரி பதிவேட்டில் வந்தால் மட்டும் அவர் வாசிக்காமல் தாண்டிவிடுவார். "சென்னை இணைப்புத் தடங்கல்" என்ற வரி அது. எங்களுக்குள் அதன் பெயர் கிரிக்கெட் தடங்கல்.

டெல்லியில் மேட்ச் ஓடும். அட்டவணை சென்னைக்கு மாற்று என்று சொல்லும். மாற்றினால் அடுத்த ஐந்தாவது நிமிடம் கேட்டுக்கு வெளியே கூட்டம் நிற்கும், ஒரு தடவை கல்லும் வந்தது. அதனால் மேட்ச் முடியும்வரை மாற்றாமல் விட்டுவிட்டு, சென்னையிலிருந்து படம் வரவில்லை என்று எழுதிவிடுவது எங்கள் வழக்கமாயிற்று. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் சேரும்போதே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து மறைத்ததால் வெளியே தெரியவில்லை.

நான் தப்பு செய்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும்தான் வேலையில் இருந்தேன். ஞாயிறு ஜமால் சாருக்கு விடுப்பு. மாலை ஐந்தரைக்குச் சென்னைக்கு மாற்ற வேண்டும். ஐந்து இருபத்தைந்துக்கு இந்தியா ஜெயிக்க இன்னும் நாலு ஓவரில் முப்பது சொச்சம் ஓட்டம் வேண்டும். கேட்டில் ஏழெட்டுப் பேர்.

"யக்கா, மாத்திராதீங்கக்கா! நாலு ஓவருதான்!"

கூட்டத்துக்குப் பயந்து மாற்றவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எனக்கும் பார்க்க வேண்டும்போல இருந்தது. சுவிட்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சென்னை ரிசீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மானிட்டர் உண்டு, ஓசை கிடையாது. ஐந்தரைக்கு அதில் அறிவிப்புகள் தொடங்கின. காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பு. ஒவ்வொரு முகமாக வந்து போயிற்று. பள்ளிச் சீருடையில் ஒரு பெண், மீசை வைத்த ஒருவர், பெரிய காதுகளோடு ஒரு வழுக்கைத் தலைப் பெரியவர். ஒரு கண்ணால் அதைப் பார்த்தேன், மறு கண் மேட்சில். ஐந்து நாற்பத்தேழுக்கு மேட்ச் முடிந்து மாற்றினேன். பதிவேட்டில் "5.30 முதல் 5.47 வரை சென்னை இணைப்புத் தடங்கல்" என்று முத்து முத்தாக எழுதினேன்.

மறுநாள் காலை ஜமால் சார் பதிவேட்டை வாசித்தார். அந்த வரியைத் தாண்டினார். வாசித்து முடித்த சிறிது நேரத்தில் வாட்ச்மேன் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். முப்பது வயதிருக்கும். செந்துறையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள், பெயர் தனம். கையில் சென்னையிலிருந்து வந்த ஒரு கடிதமும் ஒரு புகைப்படமும் இருந்தன.

"எங்கப்பாவ பதினோரு நாளா காணோம்ங்க மேடம். பேரு கலியபெருமாளு. ஆலத்தியூர்ல சிமெண்டு கம்பெனி சுண்ணாம்புக்கல் குவாரியில வேல பாத்து ரிட்டயர்டு ஆனவரு. ரெண்டு வருசமா ஞாபகமே சரியில்லீங்க. அன்னைக்கு 'சிப்டுக்கு நேரமாச்சு'ன்னு சொல்லிட்டு எறங்கிப் போனாரு, நா கொல்லையில இருந்தேன்." கடிதத்தை நீட்டினாள். "நேத்து அஞ்சரைக்குப் படம் போடுறோம்னு எழுதியிருந்தாங்க. தெருவே எங்க வூட்ல வந்து ஒக்காந்துச்சு. மேட்சுதான் ஓடுச்சு. மேட்சு முடிஞ்சு போடுவாங்கன்னு ஏழு மணி வரைக்கும் பாத்தோம். வரலீங்களே?"

புகைப்படத்தை வாங்கிப் பார்த்தேன். பெரிய காதுகள். எங்கள் எல்லைக்குள் இருந்த அத்தனை வீட்டிலும் அந்த முகத்தை முந்தின நாள் பார்த்த ஒரே ஆள் நான்.

"சென்னையிலேர்ந்து இணைப்பு வரலம்மா" என்றேன். பதிவேட்டில் எழுதிய பொய் வாயிலும் தானாக வந்தது.

அவள் தலையாட்டினாள். "அப்ப மெட்ராஸ்லயே போடலீங்களா? சரிங்க, நா நாளைக்கே மெட்ராஸுக்குப் போயி கேட்டுக்குறேன். எந்த எடம்னு மட்டும் எழுதிக் குடுங்க மேடம். நா அங்கல்லாம் போனதில்ல."

பேனாவை என் பக்கம் நீட்டினாள். அந்தப் பேனாவை வாங்க எனக்குக் கை வரவில்லை.

"போவ வேணாம்மா" என்றேன். "அவங்க போட்டாங்க. நாந்தான் மாத்தல. மேட்ச் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன்.

"ஜெயிச்சாங்களா?" என்று கேட்டாள். குத்தலாக இல்லை, கேட்க வேறு வார்த்தை கிடைக்காமல் கேட்டாள்.

"தோத்துட்டாங்கம்மா."

உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே இருந்த ஜமால் சார் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். வெளியே வந்து ஒரு நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். "தங்கச்சி, நீ குடுத்த படம் எங்ககிட்ட அமானிதம். நம்பிக் குடுத்த பொருளு. அத நாங்க தவற விட்டுட்டோம். திரும்பப் போட வைக்கிறது எங்க பொறுப்பு" என்றார். நான் செய்ததற்கு அவர் "நாங்க" என்றது என்னை மேலும் கூனிக் குறுக வைத்தது.

சென்னைக்கு டெலிபோன் போட்டார். அங்கே அறிவிப்புகளைப் பார்க்கும் அதிகாரியின் குரல் டெலிபோனுக்கு வெளியேயும் கேட்டது. இணைப்புத் தடங்கல் இயற்கையாக வருவது, அதற்கெல்லாம் மறு ஒளிபரப்பு கிடையாது, வரிசையில் நிறையப் படங்கள் காத்திருக்கின்றன, ஒரு தடவை போட்ட படத்துக்கு மறுபடி மனு போட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடும், இரண்டு மாதம் ஆகும் என்றார்.

"இணைப்புத் தடங்கல் இல்லீங்க. எங்க நெலையத்துத் தப்புன்னா?" என்று கேட்டார் ஜமால் சார்.

அப்படியென்றால் ஒரு வாரத்துக்குள் போட விதி இருக்கிறது, ஆனால் எழுத்தில் வேண்டும், தப்பு செய்தவர் பெயரும் கையெழுத்தும் திருத்திய பதிவேட்டின் நகலும் வேண்டும் என்று பதில் வந்தது.

போனை வைத்துவிட்டுச் சார் என்னைப் பார்த்தார். "எழுதுன்னு நா சொல்ல மாட்டேன் மேரி. எழுதுனா மெமோ வரும். அடுத்த வருசம் ஒன் ப்ரமோஷன் நிக்கும். யோசிச்சுச் சொல்லு."

யோசிக்கவில்லை என்று எழுத ஆசைதான். யோசித்தேன். மாமியார் முகம்கூட வந்து போயிற்று. ஆனால் தனம் அந்தப் புகைப்படத்தை மடியில் வைத்து விரலால் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அதில் தூசியே இல்லை.

பதிவேட்டில் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. அழிக்கக்கூடாது, மேலே ஒட்டக்கூடாது. பழைய வரி படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு கிழித்து, சரியானதை மேலே எழுதி, நேரமும் கையெழுத்தும் போட வேண்டும். கோடு கிழித்தேன். "இணைப்பு இருந்தது. கிரிக்கெட் பார்ப்பதற்காக நான் மாற்றவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜமால் சார் என் கையிலிருந்து பேனாவை வாங்கி அதன் கீழே எழுதினார். "இந்த வழக்கம் முன்பே இருந்தது. எனக்குத் தெரியும். தடுக்கவில்லை." அவரும் கையெழுத்துப் போட்டார். பிறகு பதிவேட்டை உரக்க வாசித்தார். அன்றைக்கு மட்டும் செய்தி வாசிப்பாளர் குரல் வரவில்லை, அவருடைய சொந்தக் குரலில் வாசித்தார்.

மறு ஒளிபரப்பு அடுத்த திங்கட்கிழமை மாலைக்குக் கிடைத்தது. அந்த ஏழு நாளும் நான் எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திங்கட்கிழமை வேறொருவருடைய வேலை நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐந்தரைக்கு மாற்ற வேண்டியதை ஐந்து இருபத்தெட்டுக்கே மாற்றிவிட்டேன். டெல்லியில் யாரோ ஓர் அமைச்சர் ரிப்பன் வெட்டப் போனார், வெட்டியதை எங்கள் வட்டாரம் பார்க்கவில்லை. ஜமால் சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பெரிய மானிட்டரில் கலியபெருமாளின் முகம் வந்தது. பெயர், வயது, கடைசியாக உடுத்தியிருந்த சட்டையின் நிறம், தகவல் சொல்ல வேண்டிய டெலிபோன் எண். மொத்தமே சில வினாடிகள். படம் நடுங்கவில்லை.

மறுநாள் காலை தனம் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிலையத்துக்குள் வந்தாள். செந்துறைக்குப் போகும் வழியில் எங்களிடம் காட்டிவிட்டுப் போக இறங்கியிருந்தாள். கூடவே திருமானூரில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர். அவர் வராமல் பெரியவர் பஸ் ஏற மாட்டேன் என்றுவிட்டாராம். நடந்ததைக் கடைக்காரர்தான் சொன்னார்.

"ரெண்டு வாரத்துக்கு மேல என் கடையிலதாங்க இருந்தாரு. பேரு கேட்டா தெனம் ஒரு பேரு சொல்லுவாரு. கம்பெனி பஸ் வரும், சிப்டுக்குப் போவணும்பாரு. எந்தக் கம்பெனின்னா தெரியாது. தண்ணி எடுத்தாந்து வெப்பாரு, நானும் சோறு போட்டு வெச்சிருந்தேன். நேத்து சாயங்காலம் டிவியில படம் வந்துச்சு. நா வடை போட்டுக்கிட்டு இருந்தேன், கவனிக்கல. பெஞ்சுல ஒக்காந்திருந்த இவருதாங்க என்னைக் கூப்புட்டுக் காட்டுனாரு. 'பாவம்ப்பா, வயசானவரு, வூட்ல தேடுறாங்க பாரு'ங்குறாரு. நா டிவியப் பாக்குறேன், இவரப் பாக்குறேன். கரண்டிய கீழ போட்டுட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். தனம் அழுதுகொண்டே சிரித்தாள். கடைக்காரர் அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனிதர், இன்னொன்றையும் சொன்னார்.

"அதுக்கு மொத வாரம் மேட்ச் அன்னைக்கும் அதே பெஞ்சுலதான் ஒக்காந்திருந்தாருங்க. சாயங்காலம் பூரா டிவிய விட்டு நவுரல."

நான் ஜமால் சாரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். அன்றைக்கே மாற்றியிருந்தால் அன்றைக்கே கிடைத்திருப்பார். எட்டு நாள். எட்டு நாளும் தனம் ஒவ்வொரு ஊராகப் புகைப்படத்தோடு அலைந்திருக்கிறாள். மெமோ வந்தது, ப்ரமோஷன் இரண்டு வருடம் தள்ளிப்போனது. அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. கடைக்காரர் சொன்ன அந்தப் பெஞ்சுதான் உறைத்தது.

மனம் ஆறாமல் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு செந்துறைக்குப் போனேன். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை.

"டிவி ஆபீஸ் அக்காப்பா" என்றாள் தனம்.

அவர் கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தார். "டிவி ஆபீஸா? ஒக்காருங்க. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். காது பெருசா ஒருத்தரு, காணோம்னு படம் போட்டீங்களே. அந்தாளு கெடச்சிட்டாருங்களா?"

தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கெடச்சிட்டாருங்க ஐயா. ஆனா எட்டு நாள் முன்னாடியே கெடச்சிருக்கணும். நா பண்ணுன தப்பால தள்ளிப் போச்சு."

அவர் யோசித்தார். "புள்ளைங்க இருக்கா அவருக்கு?"

"ஒரு பொண்ணு இருக்குங்க."

"அது என்னா சொல்லுச்சு?"

நான் தனத்தைப் பார்த்தேன். இந்தக் கேள்வியை அவளிடம் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன், கேட்கும் தைரியம் மட்டும் இல்லாமல் இருந்தது. அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மடியில் சிந்தியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு மொதல்ல ரொம்பக் கோவந்தாம்ப்பா. அப்பறம், அப்பா வந்துட்டாரு, விடுன்னு விட்டுருச்சு."

"அப்ப சரி" என்றார் பெரியவர். என் பக்கம் திரும்பினார். "நீங்க சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.